எண்ணெயில் ஊறும் பூண்டும் போட்டுலிசம் பரிசோதனையும்

கேள்வி: நானும் என் தங்கையும் உரித்த பூண்டு, சுட்ட குடைமிளகாய், வேகவைத்த காளான் ஆகியவற்றை எண்ணெயில் ஊறவைத்துக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்கிறோம். "இதில் போட்டுலிசம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளர் ஒருவர் எச்சரித்தார். பயந்துபோய் ஐந்து பாட்டில்களைத் தனியார் லேப் ஒன்றில் கொடுத்தோம். சமையலறையில் நாலைந்து இடங்களில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுத்தும் கொடுத்தோம். பாட்டில்களில் ஒன்றும் இல்லை. ஆனால் தரை வடிகாலிலும் பூண்டு உரிக்கும் மேசையிலும் எடுத்த ஸ்வாபில் "சல்ஃபைட் ஒடுக்கும் க்ளாஸ்ட்ரிடியா: உண்டு" என்று வந்திருக்கிறது. தொழிலையே நிறுத்த வேண்டுமா? மாதாமாதம் இதே சோதனையைச் செய்துகொண்டால் போதுமா? வீட்டிலேயே சோதிக்க கிட் ஏதும் உண்டா? மிச்சமிருக்கும் பாட்டில்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. நாங்களே கொஞ்சம் ருசிபார்த்துவிட்டு விற்கலாமா?
— ஒரு வாசகி

பதில்:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ருசிபார்க்காதீர்கள். விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதுகூட வேண்டாம். க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி சுரக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கவைக்கும் நோய்தான் போட்டுலிசம். அந்த நஞ்சுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் கிடையாது. இந்தக் கிருமியில் ஒரு பிரிவு புரதத்தைச் சிதைத்து நாற்றம் கிளப்பும், மூடியை உப்ப வைக்கும். இன்னொரு பிரிவு அந்த அளவுக்குக்கூடக் காட்டிக்கொடுக்காது. மூடி உப்பாமல், எண்ணெய் தெளிவாக, வாசனை நன்றாக இருக்கும் பாட்டிலிலும் நஞ்சு இருக்க முடியும். அலமாரியில் இருப்பவற்றை விற்கவும் வேண்டாம்.

இனி உங்கள் லேப் அறிக்கைக்கு வருவோம். அது உங்களைத் தேவையில்லாத இடத்தில் பயமுறுத்தியிருக்கிறது. பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதி கொடுத்திருக்கிறது. இரண்டுமே பிழை.

சல்ஃபைட்டும் இரும்புச்சத்தும் கலந்த ஊடகத்தில் வளர்க்கும்போது கருப்பாகத் திரண்டு வரும் கிருமிகளைத்தான் "சல்ஃபைட் ஒடுக்கும் க்ளாஸ்ட்ரிடியா" என்று எண்ணுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பல இனங்கள் சேரும். அவற்றில் பெரும்பாலானவை போட்டுலிசம் நஞ்சைச் சுரக்காதவை. தெருப் பெயர் தெரிந்திருக்கிறது, வீட்டு எண் தெரியவில்லை. பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் க்ளாஸ்ட்ரிடியம் இனங்கள் எங்கும் உண்டு. பூண்டு உரிக்கிற மேசையில் அவை கிடைக்காமல் போயிருந்தால்தான் ஸ்வாபைச் சரியாக எடுத்தார்களா என்று நான் கேட்டிருப்பேன்.

பெரிய நிறுவனங்களே இந்தக் குழப்பத்தில் மாட்டியிருக்கின்றன. 2013 ஆகஸ்டில் நியூசிலாந்தின் ஃபொன்டெரா நிறுவனம், தன் மோர்ப்புரதத் தூளில் போட்டுலிசம் கிருமி இருக்கக்கூடும் என்று அறிவித்தது. அந்தத் தூள் குழந்தைகளுக்கான பால்மாவிலும் சேர்ந்திருந்ததால் பல நாடுகளில் பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள். சில நாடுகள் இறக்குமதியையே நிறுத்தின. மாதக் கடைசியில் விரிவான மறுசோதனைகளின் முடிவு வந்தது: அது க்ளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜெனஸ். போட்டுலினத்தின் மிக நெருங்கிய உறவுதான், ஆனால் நஞ்சு சுரக்காதது. அனுபவமுள்ள ஆய்வகத்துக்கே இரண்டையும் பிரித்துச் சொல்வது அவ்வளவு கடினம் என்றால், ஒரு வரி ஸ்வாப் அறிக்கையைப் பார்த்துவிட்டு நீங்கள் கடையை மூட வேண்டியதில்லை.

சரி, அந்த மேசையில் இருப்பது உண்மையிலேயே க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் மாறாது. இந்தக் கிருமி ஸ்போராக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்தாக, மண்ணிலும் தூசியிலும் ஏரி, கடல் படிவுகளிலும் கிடக்கிறது. காய்கறியோடு தினமும் நம் சமையலறைக்குள் வருகிறது. ஒரு வயதைக் கடந்த, குடல் ஆரோக்கியமாக உள்ளவர்கள் அந்த ஸ்போரை விழுங்கினால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. ஆக்ஸிஜன் இல்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமான, போதிய வெப்பமுள்ள இடத்தில் அது மாட்டிக்கொண்டால்தான் விழித்து, பெருகி, நஞ்சைச் சுரக்கும். எண்ணெய்க்கு அடியில் இருக்கும் பூண்டுப் பல் இந்த நான்கையும் ஒரே இடத்தில் கொடுக்கிறது. உங்கள் ஆபத்து மேசையில் இல்லை, பாட்டிலுக்குள் இருக்கிறது.

அதனால்தான் உணவுத் தொழிலில் சுற்றுப்புறத்தை இந்தக் கிருமிக்காக வழக்கமாகச் சோதிப்பதில்லை. லிஸ்டீரியா என்ற வேறொரு நோய்க்கிருமிக்கு ஸ்வாப் எடுப்பதில் பொருள் உண்டு. அது வடிகாலில் குடியேறி, சமைத்து முடித்த உணவின்மேல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். போட்டுலினம் விஷயத்தில் "உண்டு" என்றாலும் "இல்லை" என்றாலும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். சுற்றுப்புறச் சோதனை உதவும் சந்தர்ப்பங்கள் வேறு. ஏரியில் நீர்ப்பறவைகள் கும்பலாகச் செத்து மிதந்தால் பறவைகளின் ரத்தத்தையும் சேற்றையும் சோதிப்பார்கள். இந்த நஞ்சை ஏ, பி, சி என்று எழுத்துகளால் வகைப்படுத்துவார்கள்; பறவைகளில் பெரும்பாலும் சி வகையும், மீன் தின்னும் பறவைகளில் ஈ வகையும் அகப்படும். கைக்குழந்தைக்கு நோய் வந்தால் குழந்தை உண்ட தேனையும், வீட்டுத் தூசியையும், சுற்றியுள்ள மண்ணையும் எடுத்துப் பார்ப்பதுண்டு. குழந்தைகளின் போட்டுலிசம் தனி வகை. ஒரு வயதுக்குள் குடலில் காவல் போதாது. அங்கே ஸ்போரே முளைத்துவிடும். 1976இல் கலிஃபோர்னியாவில் இதை முதலில் அடையாளம் கண்டார்கள். ஒரு வயது நிரம்பும் வரை தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இப்படிக் காரணம் தேடும்போது எடுக்கிற சோதனை வேறு, கடைக்கு நற்சான்று வாங்க எடுக்கிற சோதனை வேறு.

அடுத்தது, சுத்தம் என்று வந்த அந்த ஐந்து பாட்டில்கள். உங்கள் தயாரிப்பில் நூற்றுக்கு ஒரு பாட்டில் கெட்டுப்போகிறது என்று கொள்வோம். ஐந்தை எடுத்துச் சோதித்தால் அந்தக் கெட்ட பாட்டில் கையில் சிக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 60 பாட்டில்களை உடைத்துச் சோதித்தாலும் 45 சதவீதம்தான். 95 சதவீத உறுதி வேண்டுமானால் 299 பாட்டில்களைத் திறக்க வேண்டும். இத்தனைக்கும் நூற்றுக்கு ஒன்று என்பது பயங்கரமான அளவு. பத்தாயிரத்தில் ஒன்று கெட்டாலே ஒரு குடும்பம் வென்டிலேட்டரில் படுக்கும். இதோடு நாள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடைத்த மறுநாள் சோதித்தால் ஸ்போர் உறங்கிக்கொண்டிருக்கும்; ஆறு வாரம் அலமாரியில் இருந்த பிறகு அதே பாட்டில் வேறு பொருளாகிவிடும். ஆகவே மாதாமாதம் சோதிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உண்மையான போட்டுலிசம் சோதனை எப்படி நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் எந்த லேப் எதை விற்கிறது என்று புரியும். இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு. உணவில் நஞ்சு இருக்கிறதா? நஞ்சைச் சுரக்கவல்ல கிருமி இருக்கிறதா?

நஞ்சுக்கான அளவுகோலாகப் பல காலமாக இருந்துவருவது எலிச் சோதனை. உணவைக் குளிரில் வைத்து அரைத்து, சாற்றைப் பிரித்து, சுண்டெலியின் வயிற்றறைக்குள் ஊசிமூலம் செலுத்துவார்கள். ஒரு பங்கைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வேறு எலிகளுக்குக் கொடுப்பார்கள். நஞ்சு வெப்பத்தில் அழிந்துவிடும் என்பதால் அவை பிழைக்க வேண்டும். இன்னும் சில எலிகளுக்கு ஏ, பி, ஈ, எஃப் என ஒவ்வொரு வகைக்கும் உரிய எதிர்நஞ்சைச் சேர்த்துக் கொடுப்பார்கள். எந்த எதிர்நஞ்சு எலியைக் காக்கிறதோ அதுதான் நஞ்சின் வகை. நான்கு நாள் வரை கவனிப்பார்கள். ரோமம் சிலிர்க்கும், கால்கள் துவளும், மூச்சுத் திணறலில் இடுப்பு குளவி இடுப்பாக ஒடுங்கும். புரதம் சிதைக்காத பிரிவின் நஞ்சு சில நேரம் முழு வீரியத்துக்கு வந்திருக்காது. அதனால் டிரிப்சின் என்ற செரிமான நொதியைக் கலந்தும் ஒரு பங்கைச் சோதிப்பார்கள். கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கைப் பிகோகிராம் என்கிறோம். ஏறக்குறைய பத்துப் பிகோகிராம் நஞ்சைக்கூட இந்தச் சோதனை பிடித்துவிடும். கொடூரமான சோதனைதான், எலியில்லாமல் செய்ய மாற்று தேடிப் பலர் உழைக்கிறார்கள். எதிர்ப்புரதத்தைக் கொண்டு நஞ்சைக் கண்டறியும் எலைசா இருக்கிறது. நஞ்சு தன் இலக்குப் புரதத்தை வெட்டுவதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற, மூலக்கூறுகளின் நிறையைக் காட்டும் கருவியில் அளக்கும் முறை இருக்கிறது. அது எலியைவிட வேகமானது, ஆனால் கருவியும் கைத்தேர்ச்சியும் உள்ள சில ஆய்வகங்களில்தான் கிடைக்கும்.

கிருமிக்கான சோதனை இன்னும் பொறுமை கேட்கும். மாதிரியை ஊட்டக் குழம்பில் இட்டு, ஆக்ஸிஜன் படாமல் ஐந்து நாளாவது வளர்க்க வேண்டும். ஒரு குழாயை 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி மற்றக் கிருமிகளைக் கொல்வார்கள். ஆனால் ஈ வகை ஸ்போர் அந்தச் சூட்டைத் தாங்காமல் போகலாம் என்பதால் இன்னொரு குழாயைச் சூடாக்காமல் குறைந்த வெப்பநிலையில் வளர்ப்பார்கள். பிறகு முட்டைக்கரு சேர்த்த தட்டில் பரப்பினால் முத்துபோல் மினுங்கும் திட்டுகள் வரும். ஸ்போரோஜெனஸும் அப்படியே மினுங்கும்! எனவே நஞ்சின் மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் (மரபணுவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்து, வளர்ந்த குழம்பில் நஞ்சு உண்டா என்றும் பார்த்தால்தான் முடிவு. பிசிஆர் மட்டும் போதாது. செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டும். சில கிருமிகளில் மரபணு இருந்தும் ஊமையாக இருக்கும், நஞ்சு வராது.

உலகிலேயே வீரியமிக்க நஞ்சைக் கையாளும் வேலை இது என்பதால் பல நாடுகளில் அனுமதி பெற்ற ஆய்வகங்கள்தான் செய்யலாம். பெரும்பாலும் அவை அரசின் பொதுச் சுகாதார ஆய்வகங்கள். நோயாளி இருந்தால்தான் மாதிரியையே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் லேப் "போட்டுலினம் இல்லை" என்று எழுதியிருந்தால், எந்த முறையில் பார்த்தீர்கள், எத்தனை கிராம் எடுத்தீர்கள், நஞ்சைப் பார்த்தீர்களா, கிருமியைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டு கிட் வேண்டாம். நஞ்சைக் கண்டறியும் பட்டைச் சோதனைகள் உண்டு. ஆனால் எலிச் சோதனை பிடிக்கும் அளவுக்கு அவற்றின் கூர்மை பொதுவாகப் போதாது, எண்ணெயும் புளிப்பும் வேறு குறுக்கிடும். கோடு விழவில்லை என்பதை நம்பி ஒருவர் சாப்பிடுவார் என்பதை நினைத்தால் எனக்கு அவற்றின்மேல் பிரியமே வருவதில்லை. பாட்டிலை வெதுவெதுப்பான இடத்தில் வைத்து உப்புகிறதா என்று பார்க்கும் யோசனையும் வேண்டாம். ஆலைகளில் டின்களை 35 டிகிரி வாக்கில் பத்துப் பதினான்கு நாள் வைத்துப் பார்ப்பது உண்மைதான். வீட்டில் அதைச் செய்தால் நஞ்சை நீங்களே வளர்த்ததாகிவிடும்.

அப்படியானால் எதைச் சோதிப்பது? பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். உங்களைப் போன்ற தொழிலுக்கு இதுதான் போட்டுலிசம் சோதனை. உணவின் பிஎச் 4.6க்கு மேல் இருந்தால் ஸ்போர் முளைத்து வளர முடியும். அதற்குக் கீழே முடியாது. காளான் இயல்பாகவே 6ஐத் தாண்டும், பூண்டும் குடைமிளகாயும் பொதுவாக 4.6க்கு மேல்தான். வெறும் எண்ணெயில் போட்டால் எண்ணெய் எதையும் புளிக்கவைக்காது. காற்றை மட்டும் மூடிவிடும். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் நோயுற்றார்கள். நறுக்கிய பூண்டை எண்ணெயில் போட்ட பாட்டிலைக் குளிரில் வைக்காமல் வெளியே வைத்திருந்ததுதான் காரணம். அதற்குப் பின்னும் 1989இல் அமெரிக்காவில் இதேபோல் நடக்க, பூண்டெண்ணெயைக் குளிரில் வைப்பதை மட்டும் நம்பக் கூடாது, அமிலமோ வேறு தடுப்போ சேர்த்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஆகவே முதலில் ஒரு நல்ல பிஎச் மீட்டர் வாங்குங்கள். இரண்டு தசம இடம் காட்ட வேண்டும். பிஎச் 4.01, 7.00 என்று தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும். நிறம் மாறும் காகிதப் பட்டையை நம்பாதீர்கள்; 4.4க்கும் 4.8க்கும் வித்தியாசம் அதில் தெரியாது, உங்களுக்கோ அந்த இடைவெளிதான் எல்லாம். அளக்கும் விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எண்ணெயை முழுக்க வடித்துவிடுங்கள். எண்ணெய் மின்முனையில் படிந்தால் மீட்டர் தவறாகக் காட்டும். வடித்த காயைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மையாக அரைத்து, அந்த விழுதை அளக்க வேண்டும். வெளியே உள்ள நீரின் பிஎச் 3.8 என்று காட்டும்போது தடித்த பூண்டுப் பல்லின் நடு 5இல் நிற்கலாம். அமிலம் உள்ளே இறங்க நேரம் வேண்டும். நடுப்பகுதி உட்பட எல்லாம் சமநிலைக்கு வந்தபின் கிடைக்கும் எண்தான் கணக்கு. அது 4.2ஐத் தாண்டாதபடி செய்முறையை அமைத்துக்கொள்ளுங்கள், 4.6இன் விளிம்பில் நின்று தொழில் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தொகுதிக்கும் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

பூண்டை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, வடித்து, பிறகு எண்ணெயில் இடும் முறைகள் ஆய்வுசெய்யப்பட்டவை. எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம், எவ்வளவு பொடியாக நறுக்குவது என்பதை நீங்களாக முடிவுசெய்யாமல், உணவுப் பதப்படுத்தலில் தகுதியுள்ள நிபுணர் ஒருவரிடம் செய்முறையைக் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மாதாமாத ஸ்வாப் பணம் இதற்குத்தான் போக வேண்டும். மூன்று பொருளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பூண்டுக்குச் சரியானது காளானுக்குச் சரியாகாது. உப்பும் வாட்டர் ஆக்டிவிட்டியும் (உணவில் கிருமிக்குக் கிடைக்கும் தண்ணீரின் அளவு) இன்னொரு வழி. 10 சதவீத உப்பு, அல்லது 0.94க்குக் கீழான வாட்டர் ஆக்டிவிட்டி எல்லா வகையையும் நிறுத்தும். ஆனால் அவ்வளவு உப்பில் உங்கள் குடைமிளகாயை யார் வாங்குவார்கள்?

பாட்டிலைக் கொதிநீரில் வேகவைத்துவிட்டோமே என்று நினைக்கலாம். நஞ்சு 85 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் அழியும், ஸ்போர் அழியாது. புரதம் சிதைக்கும் பிரிவின் ஸ்போர் கொதிநீரில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதைக் கொல்ல, டப்பாவின் மையத்தில் 121 டிகிரி மூன்று நிமிடம் என்பதுதான் உலகெங்கும் டின் உணவுத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. எண்ணெயில் மூழ்கிய காய்க்கு வீட்டு பிரஷர் குக்கரில் அதை அடைந்துவிட்டதாக நம்பும்படியான நேரக் கணக்கு ஏதும் கிடையாது. கொதிக்கவைப்பது இன்னொரு வகையில் கெடுதலும் செய்கிறது: போட்டிக் கிருமிகளைக் கொன்று, கரைந்த ஆக்ஸிஜனை வெளியேற்றி, ஸ்போருக்கு மட்டும் இடம் விட்டு வைக்கிறது. ஃபிரிட்ஜும் முழுத் தீர்வல்ல. ஒரு பிரிவு 10 டிகிரிக்குக் கீழே வளராது. மற்றது 3 டிகிரியிலேயே மெதுவாக வளரும்.

ஒருமுறை ஒப்புதல் வாங்கிய செய்முறையைத் தொடாதீர்கள். 1989இல் பிரிட்டனில் 27 பேருக்கு நோய் வந்து ஒருவர் இறந்தது ஹேசல்நட் என்ற கொட்டை சேர்த்த தயிரால். தயிரில் கோளாறு இல்லை. அதில் கலந்த ஹேசல்நட் விழுதில் சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பைப் போட்டிருந்தார்கள். அதுவரை தண்ணீரைக் கட்டிப்போட்டிருந்த சர்க்கரை போனது, சூடாக்கிய அளவோ போதவில்லை. "சர்க்கரை இல்லாதது", "உப்புக் குறைத்தது", "இயற்கையானது" என்று லேபிள் மாற்ற ஆசை வரும்போதெல்லாம் மீட்டரையும் நிபுணரையும் மறுபடி கேளுங்கள்.

உங்களிடம் வாங்கியவர்களில் யாருக்காவது பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை சரிவது, வாய் வறள்வது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று ஏதேனும் வந்தால் அன்றே மருத்துவமனை. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும். அதனால் வேறு நோயென்று நினைத்துவிடுவார்கள். தளர்ச்சி முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கி மூச்சுத் தசைகளைப் பிடிக்கும். சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்குவது வழக்கம், சில நாள் தாமதமாகவும் வரலாம். பாட்டிலில் அடைத்த உணவு சாப்பிட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். எதிர்நஞ்சை லேப் முடிவுக்குக் காத்திராமல் கொடுக்க வேண்டும். அது மேலும் பரவுவதைத் தடுக்கும், ஏற்கெனவே செயலிழந்த நரம்பை மீட்காது. அந்த நேரத்தில் மட்டும், மிச்சமிருக்கும் பாட்டிலை அப்படியே மூடி, பைக்குள் பை போட்டு, குளிரில் வைத்துச் சுகாதாரத் துறையிடம் ஒப்படையுங்கள். எலிச் சோதனைக்கு உரிய மாதிரி அதுதான்.

விற்றுப்போன பாட்டில்கள் யார் யாரிடம் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்து, சாப்பிட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். எச்சரித்த வாடிக்கையாளருக்கு முதல் அழைப்பு போகட்டும். அலமாரியில் உள்ளவற்றைத் திறக்காமல், கையுறை போட்டு, இரண்டு பைகளில் கட்டி, குழந்தைகளும் விலங்குகளும் கிளற முடியாதபடி குப்பையில் சேருங்கள். சிங்க்கில் ஊற்ற வேண்டாம், நாய்க்கும் கோழிக்கும் போட வேண்டாம். ஏதாவது ஒழுகியிருந்தால் ப்ளீச் கரைசலை ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, காகிதத் துண்டால் துடைத்து அதையும் அதே பையில் போடுங்கள். அடுத்த தொகுதியை மீட்டர் வந்த பிறகு தொடங்கினால் போதும்.